வட ஐரோப்பாவின் பழங்குடிகளான சாமி மக்கள் கம்புகளைச் சாய்த்துத் துணி போர்த்திக் கட்டும் லாவ்வுக் கூடாரத்தை நம் வீட்டுப் பின்வளவில் செய்யலாமா? அது அவர்களை அவமதிப்பதாகுமா?

பின்வளவு என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் ஜெர்மனியிலோ சுவிஸிலோ இருக்கும் நம் ஈழத்தவர் என்று நினைக்கிறேன். தாராளமாகச் செய்யலாம். 'வடதுருவ அனுபவம்' என்று பலகை மாட்டி வாடகைக்கு விடுகிற எண்ணம் இருந்தால் மட்டும் இதற்கு மேல் வாசிக்க வேண்டாம்.

நான் சாமி இனத்தவன் இல்லை. யாராவது கீழே வந்து சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து போய் நோர்வேயின் வடகோடியில், ஃபின்மார்க்கில், மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவன். அங்கே என் பக்கத்தில் நின்று மீன் வெட்டிய கரையோரச் சாமிக் கிழவர்தான் லாவ்வு கட்டக் காட்டித்தந்தவர்.

எல்லாரும் துணியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அவருக்குக் கம்புதான் பெரிய விஷயம். அங்கே காற்றில் வளரும் பிர்ச் மரம் கோணல்மாணலாகத்தான் இருக்கும். நேரான கம்புக்கு நாள் முழுக்க அலைய வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு மரம் தறிக்க விடமாட்டார். ஜூனில் சாறு ஓடும்போது பட்டை சுலபமாக உரியும். உரித்துக் காயவைத்தால் கம்பு உளுக்காது. கூடாரத்தைப் பிரித்ததும் கம்புகளை மண்ணில் போடாமல் மரத்தில் சாய்த்து வைப்பார். அடுத்த வருடமும் அதே கம்புகள்தான். காட்டில் நடக்க எவருக்கும் உரிமை உண்டு என்பதால் பச்சை மரத்தையும் வெட்டலாம் என்று நினைக்காதீர்கள். அதற்குக் காணிக்காரரின் அனுமதி வேண்டும்.

கட்டுவதில் வித்தை குறைவு. நுனி கவர்விட்ட மூன்று கம்புகளை ஒன்றோடொன்று கொளுவி நிறுத்தி, மற்றவற்றைச் சுற்றிச் சாய்த்தால் சரி. கயிறும் முளையும் தேவையில்லை. துணி தொய்ந்தால் கம்பின் அடியை வெளியே தள்ள, இறுகிவிடும். செங்குத்தாக இல்லாமல் அகன்று உட்கார்ந்திருப்பதால் காற்றுக்கு அசையாது. ஒரு புயலில் கடைக் கூடாரம் ஒன்று பறந்துபோக, நாங்கள் கட்டியது நின்றது. அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

உள்ளே பிர்ச் குச்சிகளை நெருக்கமாகப் பரப்பி, மேலே கலைமான் தோல் விரிப்பார்கள். நடுவில் அடுப்பு. அதற்குப் பின்னால், வாசலுக்கு எதிரே உள்ள இடம் போஆஷ்ஷு. பாத்திரம் பண்டம் வைக்கும் இடம், முன்பு புனிதமானதும்கூட. அந்தப் பக்கமாக நடந்து திரியாதீர்கள். மற்றது, காக்தி என்கிற சாமிப் பாரம்பரிய உடுப்பைப் போலத் தைத்துப் பிள்ளைகளுக்குப் போட்டுப் படம் எடுக்க வேண்டாம். அது எந்தப் பகுதி, எந்தக் குடும்பம் என்று காட்டுகிற உடுப்பு.

இதற்கு ஏன் இவ்வளவு கட்டுப்பாடு என்பவர்களுக்கு: 1979இல் ஃபின்மார்க்கின் ஆல்த்தா ஆற்றில் அணை கட்டுவதை எதிர்த்து, ஓஸ்லோவில் நாடாளுமன்றத்துக்கு முன்னால் லாவ்வு போட்டுத்தான் சாமி இளைஞர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அணை வந்துவிட்டது. ஆனால் 1989இல் அவர்களுக்கென்று ஒரு நாடாளுமன்றமும் வந்தது. ஃபின்மார்க்கிலுள்ள காரஷோக் ஊரில் அதன் அவைக்கூடம் லாவ்வு வடிவில்தான் நிற்கிறது.

எங்கள் நகரசபைக்கும் பண்பாடு என்றால் உயிர். வருடா வருடம் விழாவுக்கு வடையும் சேலையுமாக வரச் சொல்வார்கள், படம் எடுப்பார்கள். தமிழ் வகுப்புக்கு ஓர் அறை கேட்டால் மட்டும் எந்தக் கிழமையும் காலியாக இருக்காது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சரி, துணி. முன்பு தோல், பிறகு கம்பளி. இப்போது பருத்திக் கான்வாஸ் போதும். நைலானில் நெருப்புப் பொறி பட்டால் ஓட்டைதான். அடுப்பு மூட்டும் முன் உங்கள் ஊர்ச் சட்டத்தைக் கேளுங்கள். நோர்வேயில் ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் அதை ஒட்டியும் நெருப்புக்குத் தடை. புகை மேலே போகாமல் உள்ளே சுற்றினால் துணியின் அடியை ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கிவிடுங்கள், ஏறிவிடும்.