புத்தகப் பெட்டி: தோழிக்கு எதைக் கொடுப்பது?

கேள்வி: மாயவரத்திலிருந்து தஞ்சாவூருக்கு தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறாள் என் தோழி. "ஜானகிராமன் ஜானகிராமன்னு உருகுறியே, எதுலேருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டாள். 'மோகமுள்'ளையே கொடுத்துவிடலாமா?
– வாசகி, குத்தாலம்

பதில்: இப்போது வேண்டாம். பாபுவின் சங்கீதமும் யமுனா மேல் அவனுக்குள்ள மயக்கமும் ஆற அமர விரிகிற நாவல் அது. ஆடுதுறைக்கும் பாபநாசத்துக்கும் நடுவே நாலு நாலு பக்கமாகப் படித்தால் நூறாவது பக்கத்தில் நூல் அறுந்துவிடும். அப்புறம் புத்தகம் அலமாரி ஏறும். பழி ஜானகிராமன் மேல் விழும்.

'சிலிர்ப்பு' சிறுகதையைக் கொடுங்கள். அதுவும் இதே பக்கத்து ரயிலில் நடப்பதுதான். கல்கத்தாவுக்கு வீட்டுவேலைக்குப் போகிற ஒரு சின்னப் பெண், அதே பெட்டியில் ஒரு பொடியன், அவன் தின்னாமல் பொத்தி வைத்திருக்கும் ஓர் ஆரஞ்சு. கதையின் சாமான் அவ்வளவே. அந்தப் பழம் எங்கே போகிறது என்பதை மட்டும் நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். முழுத்தொகுப்பு தலையணை கனம் இருக்கும். அதனால் கதை இருக்கும் பக்கத்தில் ஒரு பழைய டிக்கெட்டைச் சொருகிக் கொடுங்கள். சொருகாமல் கொடுத்தால் முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்து வழியிலேயே இறங்கிவிடுவார்.

அடுத்த நாளுக்கு கு.ப.ரா. என்கிற கு.ப. ராஜகோபாலனின் 'விடியுமா' சிறுகதை. தந்தி வந்து, கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு ராத்திரி வண்டியில் போகிறவர்களின் கதை. முதல் கதை வெளிச்சம் என்றால் இது இருட்டு. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தவர் "இன்னும் இருக்கா?" என்று தானே கேட்பார். கேட்டால் 'அம்மா வந்தாள்'. சின்ன நாவல்தான். ஆனால் வேதபாடசாலையில் படித்த மகன் தன் அம்மாவைப் பற்றித் தெரிந்துகொள்ளும் விஷயம் சிலருக்கு ஒப்பாது. அதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். 'மோகமுள்' தீபாவளி லீவுக்கு இருக்கட்டும்.

கு.ப.ரா. 1944-லேயே காலமானவர், காப்புரிமை முடிந்துவிட்டது. அவர் கதைகளை இணையத்தில் தாராளமாகப் படிக்கலாம்.

கேள்வி: படம் பார்த்த ஜோரில் நண்பன் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் வாங்கி, ஐம்பது பக்கத்தில் நிறுத்திவிட்டான். எப்படித் தள்ளுவது?
– வாசகர், திருவாரூர்

பதில்: பெரும்பாலும் பெயர்களில்தான் சிக்குகிறார்கள். ஒரு துண்டுச் சீட்டில் இதை எழுதி அட்டைக்குள் வையுங்கள்: சுந்தர சோழர் பிள்ளைகள் மூவர், ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழிவர்மன். செம்பியன் மாதேவியின் மகனாக வளர்பவன் மதுராந்தகன். பழுவேட்டரையர் இருவர், பெரியவர், சின்னவர். வந்தியத்தேவன் கரிகாலனின் ஆள். முதல் பாகத்துக்கு இது போதும்.

வாரப் பத்திரிகையில் 1950 முதல் 1954 வரை வந்த தொடர் இது. அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒரு கொக்கி வைத்திருப்பார் கல்கி. தினம் இரண்டு அத்தியாயம் என்று அளவு வைத்தால் 57 அத்தியாயம் கொண்ட முதல் பாகம் ஒரு மாதத்துக்குள் முடியும். கடைசி பாகம் 91, மூச்சு வாங்கும்.

நாட்டுடைமையான நூல் என்பதால் ஆளாளுக்கு அச்சடிக்கிறார்கள். 'சுருக்கம்' என்ற சொல் அட்டையில் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும். பாகத்தின் கடைசி அத்தியாய எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: "தஞ்சாவூர் இலக்கியம்னா அக்ரஹாரம்தானா?" என்று கேட்கிறார் விவசாயி நண்பர். என்ன சொல்ல?
– வாசகர், மன்னார்குடி

பதில்: அவர் கேட்பதில் பாதி நியாயம். வயல்காட்டுக்கு சி.எம். முத்து. கள்ளர் வீட்டுக் கூடத்துக்குள் போக தஞ்சை ப்ரகாஷின் 'கரமுண்டார் வூடு'. கும்பகோணத்து சௌராஷ்டிர நெசவாளர்களுக்கு எம்.வி. வெங்கட்ராமின் 'வேள்வித் தீ'. கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிக்கப்பட்டதை வைத்து இரண்டு நாவல்கள் உண்டு, இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்', சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்'. முன்னதில் பண்ணையாரின் கொடுமைக்கு அவருடைய ஆண்மைக் குறையைக் காரணமாக்கியது இன்றுவரை சண்டைக்குரிய விஷயம். உங்கள் நண்பருக்கு 'செந்நெல்'லை முதலில் கொடுங்கள்.

கேள்வி: இரவல் போன புத்தகம் ஐப்பசி மழையில் நனைந்து திரும்பி வந்தது. காப்பாற்றலாமா?
– வாசகி, சீர்காழி

பதில்: வெயிலில் வைக்காதீர்கள், அட்டை வளைந்துவிடும். ஒட்டிக்கிடக்கும் தாள்களைப் பிரித்து இழுக்கவும் வேண்டாம். துணியால் ஒற்றி, விசிறி போல விரித்து நிமிர்த்தி, ஃபேனுக்கு அடியில் வையுங்கள். கொஞ்சம் உலர்ந்ததும் இருபது பக்கத்துக்கு ஒரு வெள்ளைத் தாள் செருகி, ஈரமாக ஆக மாற்றுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஏறும். லேசான ஈரம் மிச்சமிருக்கும்போதே மூடி, மேலே கனம் ஏற்றுங்கள். வழவழ தாளில் அச்சான படப் புத்தகம் என்றால் காய்வதற்குள் பாளமாக ஒட்டிக்கொள்ளும், பெரும்பாலும் தேறாது.