கேட்ட சொல்லும் படித்த சொல்லும் செயல்நினைவில், அதாவது தகவலைச் சற்று நேரம் மனத்தில் தாங்கிப் பயன்படுத்தும் நினைவில், ஒரே விதமாகவா கையாளப்படுகின்றன?

இரண்டும் பெரும்பாலும் ஒரே இடத்துக்குத்தான் போய்ச் சேருகின்றன. நுழையும் வழிதான் வேறு.

உளவியலாளர்கள் ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்ச்சும் 1974-இல் முன்வைத்து, பின்னர் பேட்லி விரிவாக்கிய செயல்நினைவு மாதிரியின்படி, சொற்களைச் சில நொடிகள் தாங்கும் பகுதி ஒலி வடிவிலேயே இயங்குகிறது. ஒலித்தடங்களை வைத்திருக்கும் ஒரு சேமிப்பிடமும், ஏறத்தாழ 2 நொடிகளில் மங்கிவிடும் அத்தடங்களைத் திரும்பத் திரும்ப மனத்துக்குள் சொல்லிப் புதுப்பிக்கும் ஒரு செயல்முறையும் அதில் உண்டு. காதில் விழும் பேச்சு நம் அனுமதியைக் கேளாமலே அந்தச் சேமிப்பிடத்தில் புகுந்துவிடுகிறது. எழுத்தோ, உள்ளுக்குள் உச்சரிக்கப்பட்டு ஒலியாக மாறிய பிறகே அங்கே இடம் பெறுகிறது.

இதற்கான சான்று எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. எழுத்துகளைக் கண்ணால் மட்டுமே பார்த்தவர்கள்கூட, நினைவிலிருந்து எழுதும்போது ஒலியில் ஒத்த எழுத்துகளையே ஒன்றுக்கொன்று மாற்றி எழுதியதை 1964-இல் உளவியலாளர் கான்ராட் காட்டினார். நீங்களே 'மடி, படி, இடி, கடி, அடி' என்ற வரிசையை ஒருமுறை படித்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள். வரிசை எளிதில் குழம்பும். ஆனால் படிக்கும்போது 'அது, அது' என்று இடைவிடாமல் முணுமுணுத்தால், நினைவில் நிற்பவை குறைந்தாலும், ஒலியொப்புமையால் வரும் அந்தத் தனிக் குழப்பம் மறைந்துவிடும், ஏனெனில் எழுத்து ஒலியாக மாறும் வழியை வாய் அடைத்துவிட்டது. அதே சொற்களைப் பிறர் சொல்லக் கேட்டால், நீங்கள் முணுமுணுத்தாலும் குழப்பம் நீடிக்கும். இரு வழிகள் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

பேச்சு அனுமதியின்றிப் புகுந்துவிடுவதை நான் அன்றாடம் உணர்கிறேன். நான் படிக்கும்போது மின்விசிறியின் இரைச்சல் என்னைத் தொந்தரவு செய்வதில்லை. பக்கத்தில் இருவர் பேசினால் மட்டும் ஒரே வரியை மூன்று முறை படிக்கிறேன். கவனக்குறைவு என்று நெடுநாள் என்னையே கடிந்துகொண்டிருந்தேன். புரியாத மொழிப் பேச்சுகூட நினைவிலுள்ள வரிசையைக் குலைக்கும் என்று ஆய்வுகள் காட்டியிருப்பதை அறிந்த பின்பே அந்தக் குற்ற உணர்வு நீங்கியது.

எல்லாப் புரிதலுக்கும் இந்த உள்ளுச்சரிப்பு தேவை என்று எண்ணிவிட வேண்டாம். எளிய வாக்கியத்தின் பொருள் அது இல்லாமலும் எட்டிவிடும். சொற்களின் வரிசையைத் துல்லியமாகப் பிடித்துவைக்க வேண்டிய சிக்கலான வாக்கியத்தில்தான் அதன் அருமை தெரியும். அங்கே எழுத்துக்கு ஒரு பெரும் ஆதாயம் உண்டு: தடம் மங்கினாலும் கண் திரும்பிச் சென்று அதே சொல்லை மீண்டும் எடுத்துக்கொள்ளலாம்.