ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது கேட்கும் ‘டக்’ சத்தம்: முதலில் எங்கே தேட வேண்டும்?

மெதுவாக ஓட்டும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ‘டக்’ என்று சத்தம் வருகிறது, ஸ்டீயரிங் தண்டைத் தாங்கிச் சுழலவிடும் மேல் பேரிங்கை மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள். ஸ்டீயரிங் தண்டு பெரும்பாலும் இரும்பு என்பதால், கீழே ஸ்டீயரிங் கியர் பாக்ஸ் (தண்டின் சுழற்சியைச் சக்கரங்களைத் திருப்பும் அசைவாக மாற்றும் பெட்டி) பக்கம் எழும் சத்தம்கூட அதன் வழியே ஏறி வந்து நம் கைக்கு அருகில் கேட்கும். என் பழைய பிக்கப்பில் நானும் மேல் பேரிங்கைத்தான் முதலில் மாற்றினேன். சத்தம் அப்படியே இருந்தது.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டீயரிங் பூட்டு விழாத நிலையில் சாவியை வையுங்கள். உள்ளே ஒருவரை உட்காரவைத்து, ஸ்டீயரிங்கை இருபுறமும் இரண்டு விரற்கடை அளவுக்கு மட்டும் ஆட்டச் சொல்லுங்கள். அவர் ஆட்டும்போது, நீங்கள் பானெட்டைத் திறந்து, தண்டின் ஒவ்வொரு இணைப்பிலும், விரல் நசுங்காதபடி, கையை வைத்துப் பாருங்கள். யுனிவர்சல் ஜாயின்ட்டின் (சாய்வாகச் சேரும் இரு தண்டுகளை இணைக்கும் மூட்டு) மேல் பாதி திரும்பிய பிறகும் கீழ்ப் பாதி சற்றே தயங்கி நின்றால், அங்கே ஆட்டம் இருக்கிறது. அதை மாற்றும்வரை வண்டியை ஓட்டக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். சில வண்டிகளில் அந்த இடத்தில் ரப்பர் வட்டு இருக்கும். அதில் விரிசல் உண்டா என்றும் பாருங்கள்.

என் வண்டியில் குற்றவாளி இடைத்தண்டு, அதாவது மேல் தண்டையும் ஸ்டீயரிங் கியர் பாக்ஸையும் இணைக்கும் தண்டு. ஒரு குழாய்க்குள் இன்னொரு தண்டு நுழைந்து நீளவும் குறுகவும் செய்யும் அந்த இடத்தில் கிரீஸ் வறண்டு, இரண்டையும் சேர்த்துச் சுழலவைக்கும் நீளவாக்கு வரிப்பற்கள் தேய்ந்திருந்தன; ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் உள்ளங்கையில் யாரோ சுண்டுவதுபோல் ஒரு தட்டு தெரிந்தது. கிரீஸ் வைத்ததும் சத்தம் அடங்கினாலும் சில வாரங்களில் திரும்பி வந்ததால், தண்டையே மாற்றினேன்.

உங்கள் சத்தம் ‘கிரீச்’ என்று உரசுவதாக இருந்தால், தண்டு எஞ்சின் அறைக்குள் நுழையும் இடத்திலுள்ள ரப்பர் உறையைப் பாருங்கள். அதற்கு சிலிகான் கிரீஸ் போதும், பெட்ரோலிய கிரீஸ் ரப்பரைக் கெடுத்துவிடக்கூடும். எஞ்சின் ஓடும்போது மட்டும் முனகினால் பவர் ஸ்டீயரிங் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும்.

தண்டைக் கழற்றுவதானால், இரு பக்கமும் பெயின்ட்டால் அடையாளக் கோடு போட்டுக்கொண்டு, ஸ்டீயரிங் சுழலாதபடி கட்டி வையுங்கள். ஏர்பேக் உள்ள வண்டியில் அது தாறுமாறாகச் சுழன்றால், உள்ளிருக்கும் சுருள் வயர் அறுந்துவிடும்.