பிராங்க்பர்ட்டில் இன்று காணும் கோத்தே இல்லம் அவர் பிறந்த அதே வீடுதானா?

சுவர்கள் அவையல்ல, அவை மறுகட்டுமானம். அழிந்துபோன கட்டடத்தை, கிடைத்த சான்றுகளின்படி, அதே இடத்தில் பழைய வடிவிலேயே மீண்டும் எழுப்புவதுதான் மறுகட்டுமானம். நிற்கும் கட்டடத்தின் பழுதைச் சரிசெய்வது வேறு.

செருமானியக் கவிஞரும் சிந்தனையாளருமான கோத்தே 1749-இல் இங்கே பிறந்தார். 1755-56-இல் அவருடைய தந்தை, அடுத்தடுத்து இருந்த இரண்டு வீடுகளை இணைத்து ஒரே இல்லமாக்கினார். 1863 முதல் ஒரு பண்பாட்டுக் கழகம் பாதுகாத்துவந்த அந்த வீடு, 1944 மார்ச் 22 அன்று, அதாவது கோத்தேயின் நினைவு நாளிலேயே, வான்குண்டுத் தாக்குதலில் தரைமட்டமானது. போரின் அழிவுக்குச் சாட்சியாக அந்த இடத்தை வெறுமையாகவே விட வேண்டும் என்று சிலர் வாதிட்டனர். அவ்வாதத்தில் நேர்மை உண்டு. ஆயினும், கழகத்தின் இயக்குநர் ஏர்ன்ஸ்ட் பாய்ட்லர் போரின்போதே அறைகலன்களையும் ஓவியங்களையும் வெளியூர்களுக்கு அனுப்பிப் பாதுகாத்திருந்ததால், அவற்றுக்குரிய அறைகளை மீட்பது பொருளுடையதாயிற்று என்றே நான் கருதுகிறேன். வீடு 1951-இல் திறக்கப்பட்டது.

அறுந்த மாலையின் முத்துக்களைப் புதிய சரட்டில் பழைய வரிசையிலேயே கோப்பதைப் போன்றது இது.

வீடு புதிதாக எழுப்பப்பட்டதால் உள்ளிருப்பவை எல்லாமே நகல்கள் என்று பலர் எண்ணுவது தவறு. அழிவுக்கு முன் அங்கிருந்த பொருள்களே பெரும்பாலும் அவ்வறைகளுக்குத் திரும்பியுள்ளன.