கை ஓய்ந்தால் வீட்டுக்கு மாதம் எவ்வளவு வேண்டும்?

கேள்வி: கோவையில் ஒரு பட்டறையில் சி.என்.சி. ஆபரேட்டராக இருக்கிறேன். வயது 38. கைக்கு 34,000 ரூபாய் வருகிறது. மனைவி தையலில் 9,000 சம்பாதிக்கிறார். பிள்ளைகள் இருவரும் பள்ளியில். சம்பளம் 21,000-ஐத் தாண்டியதால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இல்லை. 50 லட்சத்துக்கு விபத்துக் காப்பீடு எடுக்கச் சொல்கிறார் ஏஜென்ட். பேங்கில் பிடிக்கும் 20 ரூபாய் பாலிசியே போதும் என்கிறார் நண்பர். எனக்கு எவ்வளவு தேவை?

பதில்: இருவருமே உங்கள் வீட்டுச் செலவைக் கேட்காமல் பேசியிருக்கிறார்கள். சம்பளத்தை விடுங்கள், நீங்கள் படுத்துவிட்டால் மாதம் எவ்வளவு துண்டு விழும் என்று பாருங்கள்.

உதாரணத்துக்கு வாடகை, மளிகை, பள்ளி, கரண்ட், வண்டிக் கடன் எல்லாம் சேர்ந்து 27,000 என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல், டீக்கடைச் செலவு நிற்கும். பிசியோதெரபியும் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவும் வந்து சேரும். ஆக 30,000. இதில் மனைவியின் 9,000-ஐ முழுதாகக் கழிக்காதீர்கள். உங்களைப் பார்த்துக்கொள்கிறவர் அதே அளவு துணி தைக்க முடியாது. 6,000 கழியுங்கள். துண்டு விழுவது 24,000.

கை முறிந்து நாலு மாதம் வீட்டில் இருந்தால், வாரம் சுமார் 5,500 வேண்டும். இ.எஸ்.ஐ.யில் இருந்திருந்தால் பட்டறையில் அடிபட்ட நாட்களுக்குச் சம்பளத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் வந்திருக்கும். இப்போது அந்த இடத்தைத் தனிநபர் விபத்துக் காப்பீட்டில் உள்ள 'தற்காலிக முழு இயலாமை' பிரிவுதான் பெரும்பாலும் நிரப்ப வேண்டும். பல பாலிசிகளில் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம் வாரத்துக்கு, அதிகபட்சம் 100 வாரம். ஆனால் வாரத்துக்கு ஓர் உச்சவரம்பும் வைத்திருப்பார்கள். 50 லட்சத்தில் 1 சதவீதம் 50,000 என்று கனவு காண வேண்டாம். சில பாலிசிகளில் இந்தப் பிரிவே இருக்காது. உங்களுக்கு முதலில் வேண்டியது இதுதான்.

இனி வேலைக்கே போக முடியாது என்ற நிலைக்கு வருவோம். பிள்ளைகள் படித்து முடிக்கும் வரை 10 வருடம் மாதம் 24,000, பிறகு 58 வயது வரை 15,000. முதலாவது 28.8 லட்சம், இரண்டாவது 18 லட்சம், மொத்தம் 46.8 லட்சம். கிடைக்கும் பணத்தை டெபாசிட்டில் போட்டால் வட்டியும் விலைவாசி உயர்வும் ஏறக்குறைய சரிக்குச் சரியாகப் போகும், அதனால் இந்தப் பெருக்கலே போதும். ஆக, ஏஜென்ட் சொன்ன தொகை அதிகமில்லை. கம்பெனி உங்கள் வருமானத்தைப் பார்த்துக் கொஞ்சம் குறைத்துத் தந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

நண்பர் சொல்லும் பிரதமர் சுரக்ஷா பீமா பாலிசி கட்டாயம் இருக்கட்டும். ஆனால் விபத்தில் உயிர் போனால், அல்லது இரு கை, இரு கால், இரு கண், இல்லையேல் ஒரு கண்ணோடு ஒரு கையோ காலோ போனால்தான் 2 லட்சம்; ஒரு கையோ காலோ கண்ணோ மட்டும் போனால் 1 லட்சம். மாவுக்கட்டு போட்டுப் படுத்திருக்கும் மாதங்களுக்கு அதில் ஒன்றுமில்லை. விரல் போனாலும் இல்லை.

விரல் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. தனிநபர் பாலிசிகளில் உறுப்பு இழப்புக்கு ஓர் அட்டவணை இருக்கும். கட்டைவிரல் முழுதாகப் போனால் 25 சதவீதம், ஆள்காட்டி விரலுக்கு 10 சதவீதம் என்பது வழக்கமான கணக்கு. அந்த விரல் இல்லாமல் நீங்கள் மெஷினில் நிற்க முடியுமா என்று அட்டவணை கேட்காது. 40 லட்சம் பாலிசியில் ஆள்காட்டி விரலுக்கு 4 லட்சம். உங்கள் துண்டுக் கணக்கில் அது பதினாறு, பதினேழு மாதம்தான் ஓடும். தொகையைக் குறைத்து எடுக்காதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

இதுவரை சொன்னது எல்லாம் விபத்துக்கு மட்டும். பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு போன்றவற்றுக்குத் தீவிர நோய்க் காப்பீடு தனி. இரண்டு வருடத் துண்டுக்கு 6 லட்சம் எடுத்தால் போதும். முதுகுவலி எந்தப் பட்டியலிலும் வராது. அதற்கு ஆறு மாதத் துண்டான 1,44,000 பேங்கில் இருக்க வேண்டும். ஒரேயடியாக முடியாவிட்டால் சீட்டுப் பணம் வரும்போது ஒதுக்குங்கள்.

விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தை ஏஜென்ட் நிரப்ப விடாதீர்கள். பிரீமியம் குறையும் என்று 'அலுவலக வேலை' என எழுதிவிட்டால், கிளைம் போடும் நாளில் அந்த ஒரு வரியைக் காட்டியே மறுத்துவிடக்கூடும். மெஷின் ஆபரேட்டர் என்று நீங்களே எழுதி, நகல் ஒன்றை மனைவியிடம் கொடுத்து வையுங்கள்.