‘கட்’ என்று சொல்லும்வரை

கேள்வி: பல ஆண்டுகளாக மேடை நாடகங்களில் நடித்துவரும் நான், அண்மையில் முதன்முறையாகக் கேமரா முன் நடைபெற்ற ஆடிஷனுக்குச் சென்றேன். நடுவில் ஒரு வரி மறந்துவிட்டது. உடனே நிறுத்தி, மன்னிப்புக் கேட்டு, முதலிலிருந்து தொடங்கினேன். அதன் பிறகு அங்கிருந்தவர்கள் ஆர்வம் இழந்துவிட்டதாகத் தோன்றியது. வரி மறப்பது அவ்வளவு பெரிய குற்றமா?

பதில்: வரி மறந்தது குற்றமே இல்லை, நீங்களாகவே நிறுத்தியதுதான் பிழை. மேடையில் வரி மறந்திருந்தால், அரங்கத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டு முதல் காட்சியிலிருந்து தொடங்கியிருப்பீர்களா? பாத்திரத்திலிருந்து இறங்காமல் எப்படியாவது அடுத்த வரியைப் பிடித்திருப்பீர்கள். அந்தப் பழக்கத்தைக் கேமரா முன்னும் கைவிடாதீர்கள். வசனம் மனப்பாடமாகியிருந்தாலும் தாளைக் கையில் வைத்துக்கொள்வதைப் பொதுவாக யாரும் குறையாகக் கருதுவதில்லை. தடுமாறினால், பாத்திரத்தின் மனநிலை கலையாமல் கண்ணைத் தாழ்த்தி வரியை எடுத்துக்கொண்டு, பேசும்போது மீண்டும் எதிரில் இருப்பவரைப் பார்த்துப் பேசலாம். தொடங்கிய ஓரிரு வரிகளிலேயே எல்லாம் குலைந்துவிட்டால், ‘மறுபடியும் தொடங்கலாமா?’ என்று ஒரே ஒருமுறை கேட்பதில் தவறில்லை. தொண்டை சரியில்லை, தாள் நேற்று இரவுதான் கிடைத்தது என்ற காரணங்களை அதனுடன் சேர்க்க வேண்டாம்.

தேர்வறையில் இருப்பவர்கள் மட்டுமே உங்களைத் தேர்ந்தெடுப்பதில்லை. இயக்குநரும் தயாரிப்பாளரும் பல நேரங்களில் பதிவைத்தான் பிற்பாடு பார்க்கிறார்கள். எனவே, கடைசி வசனம் முடிந்த நொடியில் உதட்டைப் பிதுக்குவதும், தலையில் அடித்துக்கொள்வதும், ‘சொதப்பிவிட்டேன்’ என்று முணுமுணுப்பதும், நன்றாகவே அமைந்திருக்கக்கூடிய ஒரு காட்சியைப் பற்றி நீங்களே அவர்களிடம் கோள் சொன்னதாக முடியும். பதிவை நிறுத்துவது கேமராவை இயக்குபவரின் வேலை. ‘கட்’ என்ற சொல் வரும்வரை பாத்திரத்திலேயே இருங்கள்.

மேடைப் பழக்கத்தில் நீங்கள் உண்மையில் மாற்றிக்கொள்ள வேண்டியது அசைவின் அளவைத்தான். தொடங்கும் முன் ‘ஃபிரேம் எதுவரை?’ என்று கேளுங்கள். தொழில் தெரிந்தவர் கேட்கும் கேள்வி அது. மார்பளவு ஷாட்டில் கையை வீசினால், பார்ப்பவருக்குத் தோள் குலுங்குவது மட்டுமே தெரியும். குளோஸ்-அப்பில் அரை அடி நகர்ந்தாலே முகம் வெளியே போய்விடும். பெயரும் உயரமும் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளும்போது லென்ஸைப் பாருங்கள். காட்சியின்போது, வேறு விதமாகச் சொல்லப்பட்டால் அன்றி, லென்ஸுக்குப் பக்கத்தில் அமர்ந்து எதிர்வசனம் படிப்பவரைப் பாருங்கள். பார்த்தால் போதும், தொட வேண்டாம். எதிர்வசனம் படிக்க அமர்ந்து, கோபக் காட்சி ஒன்றில் சட்டைக் காலரைப் பறிகொடுத்த அனுபவம் எனக்கு உண்டு.

கேள்வி: காட்சியை நடித்து முடித்ததும், ‘இன்னும் அடக்கமாக, வேறு விதமாகச் செய்யுங்கள்’ என்றார்கள். நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பதைப் பணிவாகவே விளக்கினேன். அது தவறா?

பதில்: பணிவாகச் சொன்னாலும் அது மறுப்புதான். உங்கள்மீது அக்கறை இல்லாதவர்கள் பெரும்பாலும் ‘நன்றி’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். இரண்டாம் முறை செய்யச் சொல்வது பல நேரங்களில் நல்ல அறிகுறியே. அப்போது அவர்கள் சோதிப்பது முதல் நடிப்பு சரியா தவறா என்பதை அன்று. படப்பிடிப்புத் தளத்தில், நூறு பேர் காத்திருக்கும் வேளையில், இயக்குநர் ஒரு வாக்கியத்தில் சொல்லும் மாற்றத்தை உங்களால் வாங்கி உடலிலும் குரலிலும் கொண்டுவர முடியுமா என்பதைத்தான். ஆகவே, சொல்வதை முழுவதும் கேளுங்கள். புரியவில்லை என்றால் ஒரு கேள்வி கேளுங்கள். ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு செய்யுங்கள். புரியாமலே தலையாட்டிவிட்டு, முன்பு செய்ததையே கொஞ்சம் குரலை மாற்றிச் செய்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு மாற்றியதாகத் தோன்றும். பதிவில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். சொல்லப்பட்ட திருத்தம் உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்படி செய்துகாட்டுங்கள். வீட்டில் ஒத்திகை பார்க்கும்போதே ஒரே காட்சியை மூன்று மனநிலைகளில் செய்து பழகினால், இந்த நெகிழ்வு தானாக வரும். ஒரே ஏற்ற இறக்கத்தில் வசனத்தை உருப்போட்டவர்களுக்கு அது வருவதில்லை.

கேள்வி: ஆடிஷனுக்காக அனுப்பப்பட்ட வசனத் தாளுடன் எடுத்த படத்தைச் சமூக ஊடகத்தில் பகிர்ந்தேன். உடனே நீக்கச் சொன்னார்கள். இதில் என்ன இருக்கிறது?

பதில்: வெளிவராத கதையின் ஒரு பகுதி இருக்கிறது. வேடம் கிடைக்கும் முன்பே, நம்பி ஒப்படைத்ததை வெளியிட்டவர் என்ற பெயர் கிடைத்துவிடும். வீட்டிலிருந்தே பதிவுசெய்து அனுப்பும் செல்ஃப் டேப்பையும் பொதுவெளியில் ஏற்றாமல், கேட்ட முறையில், கேட்ட கோப்புப் பெயரில், கேட்ட நேரத்துக்குள் அனுப்புங்கள்.

கேள்வி: என் மகள் ஆடிஷன்களுக்குச் செல்லத் தொடங்கியிருக்கிறாள். எதற்கெல்லாம் அவள் மறுப்புச் சொல்லலாம்? மறுத்தால் வாய்ப்பு போய்விடாதா?

பதில்: பணம் கேட்டால் மறுக்கலாம், வேடத்துக்காக நடிகரைத் தேர்ந்தெடுப்பவர் அந்த நடிகரிடமே கட்டணம் வாங்குவது முறையான வழக்கம் இல்லை. முன்னறிவிப்பின்றி ஆடை களையச் சொன்னாலோ, நெருக்கமான காட்சியை அங்கேயே நடித்துக்காட்டச் சொன்னாலோ மறுக்கலாம். தனி அறைக்கு வரச் சொன்னாலும் மறுக்கலாம். அமெரிக்கத் திரைக் கலைஞர் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தனிப்பட்ட விடுதி அறைகளிலும் வீடுகளிலும் தொழில்முறைச் சந்திப்புகளை நடத்த வேண்டாம் என்று தயாரிப்பாளர்களையும், அவற்றுக்கு இணங்க வேண்டாம் என்று உறுப்பினர்களையும் கேட்டுக்கொண்டது. வேறு வழியே இல்லாதபோது துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லவும் அறிவுறுத்தியது. மகள் பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் நீங்களோ வேறு பாதுகாவலரோ உடன் செல்வது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இவற்றை மறுத்ததால் கைவிட்டுப் போகும் வேடம் போகட்டும். மறுக்கும்போது நீண்ட விளக்கம் தேவையில்லை. ‘இது எனக்கு இயலாது’ என்று சொல்லிவிட்டு எழுந்து வரலாம்.

கேள்வி: ஆடிஷன் முடிந்து இரண்டு வாரமாகிவிட்டது. முடிவு என்னவென்று போன் செய்து கேட்கலாமா?

பதில்: வேண்டாம். தேர்வானவர்களுக்கு மட்டுமே தகவல் சொல்வது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. முகவர் இருந்தால் அவர் விசாரிக்கட்டும். அதே தேதிகளில் வேறு வாய்ப்பு வந்து, நீங்கள் பதில் சொல்லியாக வேண்டிய நிலையில் மட்டும், அதைத் தெரிவித்து இரண்டு வரியில் ஒரு செய்தி அனுப்பலாம்.