கைநாட்டு யாருடையது? சீனக் கிராமங்களின் கூட்டு நிலம்: கேள்வி பதில்

சீனாவில் கிராம நிலம் குத்தகையாகவும் வேறு வழிகளிலும் கைமாறும்போது உழவரின் உரிமையை எது காக்கிறது என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். அந்நாட்டு நிலச் சட்டங்களைப் பல ஆண்டுகளாகப் படித்து வருபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

மன்னார்குடி விவசாயி ஒருவர்: என் நிலத்துக்கு என் பெயரில் பட்டா இருக்கிறது. சீன விவசாயியின் நிலம் யார் பெயரில் இருக்கிறது?

ஊரின் பெயரில். நகர நிலம் அரசுக்கு, கிராம நிலம் கிராமக் கூட்டுக்கு என்று அவர்களுடைய 1982 அரசியலமைப்பு சொல்கிறது. உழவர் அதை விற்க முடியாது. ஆனால் அவர் வெறும் கூலியாளும் அல்லர். 1978-இல் அன்ஹுய் மாகாணத்து ஷியாவ்காங் கிராமத்தில் 18 உழவர்கள் கூட்டுப் பண்ணை நிலத்தை வீட்டுக்கு வீடு பிரித்துக்கொண்டு, ஒரு தாளில் ரகசியமாக உடன்படிக்கை எழுதிச் சிவப்பு மையில் கைநாட்டு வைத்தார்கள். சிறைக்குப் போக நேரும் என்று தெரிந்தே வைத்தார்கள். பின்னர் அந்த முறைதான் நாடெங்கும் பரவியது.

இன்று ஒரே வயலின் மேல் மூன்று உரிமைகள் இருக்கின்றன. உடைமை கூட்டுக்கு, ஒப்பந்த உரிமை (கூட்டிடம் ஒப்பந்தம் செய்து நிலத்தைப் பெற்று வைத்திருக்கும் உரிமை) குடும்பத்துக்கு, சாகுபடி உரிமை உழுபவருக்கு. வெளியாருக்குக் குத்தகைக்குப் போவது மூன்றாவது மட்டும்தான். 2018-இல் திருத்தப்பட்ட கிராம நில ஒப்பந்தச் சட்டத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. வயலைக் குத்தகைக்கு விட்டாலும் ஒப்பந்த உரிமை வீட்டிலேயே இருக்கும்.

சட்டக் கல்லூரி மாணவி: ஊர்த் தலைவரே எல்லாருக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால்?

செல்லாது. உழவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்தாலொழிய வேறெவரும் அவர் நிலத்தைக் குத்தகைக்கு விட முடியாது. 2021 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ள விதிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. குத்தகைப் பணமும் முழுக்க உழவருக்கே உரியது. ஊர் நிர்வாகம் அதிலிருந்து பிடித்துக்கொள்ளக் கூடாது. ஆனால் நடைமுறையில் தவறு தொடங்கும் இடமும் இதுதான். பெரிய நிறுவனம் நூற்றுக்கணக்கான மூ நிலத்தை ஒரே துண்டாகக் கேட்கிறது (ஒரு மூ ஏறக்குறைய பதினாறரை சென்ட்). வீடு வீடாகப் போய்ப் பேசுவதைவிடத் தலைவர் ஒருவரோடு பேசுவது அதற்கு எளிது. அந்த வசதிக்காக ஒருவரின் கைநாட்டை இன்னொருவர் வைப்பதை என்னால் சிறிய முறைகேடு என்று தள்ளிவிட முடியவில்லை.

தாராபுரம் வாசகர்: எடுத்த நிறுவனம் நடுவில் ஓடிவிட்டால்?

வேதனையான கேள்வி. அடிக்கடி நடப்பது. நிறுவனம் வந்ததும் முதலில் செய்வது வரப்புகளை உடைத்துச் சமன்படுத்துவது; அப்போதுதான் பெரிய இயந்திரம் ஓடும். பிறகு பசுமைக் குடில் எழும்பும், சிமெண்ட் தளம் விழும். இரண்டு மூன்று போகம் நட்டமானால் முதலாளி கிளம்பிவிடுவார். உழவர் திரும்பி வந்து பார்த்தால் துருப்பிடித்த இரும்புக் கம்பிகளும் கிழிந்த பிளாஸ்டிக் தாளும் கிடக்கும்; தன் வயல் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதே தெரியாது.

அதனால்தான் உரிமைச் சான்றிதழ் முக்கியம். சுமார் 20 கோடிக் குடும்பங்களுக்கு அது வழங்கப்பட்டிருக்கிறது. நம் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவதுபோல அதிலும் ஒவ்வொரு துண்டுக்கும் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு எல்லையும் வரைபடமும் உண்டு. வரப்பு அழிந்தாலும் அளவு அழியாது. இரண்டாவது காப்பு, முன்பணம். ஆண்டு தொடங்கும் முன்பே அந்த ஆண்டுக் குத்தகையை வாங்கிக்கொள்வது நல்லது. நிலம் விவசாயம் தவிர வேறெதற்கும் பயன்பட்டாலோ, தொடர்ந்து இரண்டு ஆண்டு தரிசாகக் கிடந்தாலோ, மண்ணுக்குக் கடும் சேதம் நேர்ந்தாலோ உழவர் தாமாகவே ஒப்பந்தத்தை முறிக்கலாம். இந்த விதியை அறியாமல் காத்துக் கிடப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

மதுரை ஆசிரியை: திருமணமாகி வேறு ஊர் போகும் பெண்ணின் பங்கு?

புகுந்த ஊரில் நிலம் கிடைக்காதவரை பிறந்த ஊரில் உள்ள அவள் பங்கைத் திரும்பப் பெறக் கூடாது என்கிறது சட்டம். விவாகரத்தான பெண்ணுக்கும் கணவனை இழந்தவளுக்கும் இதே காப்பு உண்டு. சான்றிதழில் குடும்பத்தில் உரிமையுள்ள அனைவர் பெயரும் இடம்பெற வேண்டும். அப்படியும் "வெளியே கட்டிக்கொடுத்த பெண்" என்று சொல்லி ஊர்க்கூட்டத்தில் பெயரை அடித்துவிடுகிறார்கள். பெரும்பான்மை வாக்கால் ஒரு பெண்ணின் உரிமையைப் பறிப்பது எனக்கு மன்னிக்க முடியாத அநீதியாகவே படுகிறது. 2025 மே 1-இல் நடப்புக்கு வந்த கிராமக் கூட்டுப் பொருளாதார அமைப்புச் சட்டம் இதை வெளிப்படையாகத் தடுக்கிறது: திருமணமாகாதது, திருமணமானது, விவாகரத்து, கைம்மை, வீட்டில் ஆண் இல்லாதது ஆகிய எதையும் காரணம் காட்டக் கூடாது.

சென்னை மாணவர்: நகரத்துக்குக் குடிபோனால் நிலம் போய்விடுமா?

முன்பு, குடும்பம் முழுவதும் பெருநகரக் குடியிருப்புப் பதிவு பெற்றால் நிலத்தை ஒப்படைக்க வேண்டியிருந்தது. 2018 திருத்தம் அதை நீக்கிவிட்டது.

பத்திரிகையாளர்: அரசே நிலத்தை எடுத்துக்கொண்டால்?

அது குத்தகை அல்ல, வேறு சட்டம். எந்தெந்தப் பொது நோக்கத்துக்காக அரசு நிலத்தை எடுக்கலாம் என்று 2020 ஜனவரி 1 முதல் அதில் பட்டியலிடப்பட்டுள்ளது. இழப்பீட்டுத் திட்டத்தைக் குறைந்தது 30 நாள் ஊரில் ஒட்டிவைக்க வேண்டும். கிராமக் கூட்டின் பெரும்பாலான உறுப்பினர்கள் அது சட்டத்துக்குப் பொருந்தவில்லை என்று கருதினால் விசாரணைக் கூட்டம் நடத்த வேண்டும். இழப்பீட்டோடு, நிலம் இழந்தவருக்குச் சமூகப் பாதுகாப்பும் தர வேண்டும்.

இவையெல்லாம் சும்மா வரவில்லை. 2011-இல் குவாங்டோங் மாகாணத்து வூகான் கிராமத்தில் உள்ளூர் அதிகாரிகள் செய்த நில விற்பனையை எதிர்த்து மக்கள் எழுந்தார்கள். 2012-இல் தங்கள் தலைவர்களைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் 2016-இல் அதே ஊர்க்காரர்கள் பலர் சிறைக்குப் போனார்கள். சட்டத்தைப் பற்றிப் பேசும்போது வூகானை மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

அதே பத்திரிகையாளர்: தகராறு வந்தால் ஏழை உழவர் எங்கே போவார்?

முதலில் ஊர்க்குழுவின் அல்லது பல ஊர்களுக்கு மேலுள்ள வட்டார நிர்வாகத்தின் சமரசம். சரிவராவிட்டால் நில ஒப்பந்த நடுவர் குழு, அல்லது நேரே நீதிமன்றம். நடுவர் குழுவில் உழவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. உரிமை மீறல் தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். தீர்ப்பு பிடிக்காவிட்டால், அது கைக்கு வந்த 30 நாளுக்குள் நீதிமன்றம் போகலாம். அந்த 30 நாள் தவறினால் தீர்ப்பே இறுதி.